நிழல் தந்தவரையா திட்டுகிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லே கார்பூசியர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் ஊர்களைக் கான்கிரீட் பெட்டிகளாக்கியதே அவர்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் கட்டுரையாளர். சேலத்தில் வீடு கட்டிக்கொடுக்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

அவர்மேல் குற்றம் இல்லை என்று சொல்லவில்லை. 1925இல் பாரிஸின் நடுப்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு வரிசையாகக் கோபுரங்கள் எழுப்பலாம் என்று வரைபடம் போட்டவர் அவர். ஆட்கள் புழங்கும் தெருக்கள் அவர் கண்ணுக்குப் படவே இல்லை. போர்க்காலத்தில் நாஜிகளுக்கு ஒத்துப்போன விஷி அரசிடம் போய் வேலைக்கு நின்றார். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் வெயில் விஷயம் வேறு. அகமதாபாத்தில் அவர் வடிவமைத்து 1954இல் முடிந்த மில் உரிமையாளர் சங்கக் கட்டடத்தைப் பாருங்கள். மேற்கே தெரு, கிழக்கே சபர்மதி ஆறு. தெருப்பக்கம் கான்கிரீட் பலகைகளைச் சாய்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்; சாயங்கால வெயில் உள்ளே நுழையாது, காற்று நுழையும். ஆற்றுப்பக்கம் அதே பலகைகள் நேராக நிற்கின்றன. எந்தத் திசையில் எந்த நேரத்து வெயில் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை அது.

இங்கே என்ன நடக்கிறது? ஓமலூர் ரோட்டில் மேற்குப் பார்த்த ஒரு கடை. கீழிருந்து மேல்வரை கண்ணாடி, பேருக்குக்கூட ஒரு சன்ஷேடு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாமல், கண்ணாடியின் உள்பக்கம் பழைய பிளெக்ஸ் பேனரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது! வீட்டுக்காரர்களும் அப்படித்தான்: இரண்டடி சன்ஷேடு போடலாம் என்றால், "எலிவேஷன் கெட்டுடும் சார்" என்கிறார்கள். அப்புறம் அறைக்கு அறை ஏசி. 1965இல் இறந்துபோன மனிதரை இதற்கு எப்படிப் பொறுப்பாக்குவது?

இன்னொன்று. புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய சண்டிகர் நகரம் முழுவதையும் அவர் ஒருவர் கணக்கில் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அங்கே அரசு ஊழியர் குடியிருப்புகளை வடிவமைத்தவர்கள் அவரோடு அங்கே வேலை செய்த கட்டடக் கலைஞர்கள் பியர் ஜென்னரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோர். பியூன்களுக்கான சின்ன வீடுகள் வரை, உள்ளூர்ச் செங்கல்லில், நிழலும் காற்றும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த, சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் உள்ள கேப்பிடல் வளாகத்தின் படத்தைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். அந்தச் சின்ன வீடுகளின் வரைபடங்களோடு ஒரு கட்டுரை வெளியிடுங்கள். சேலத்தில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

– ஒரு கட்டடப் பொறியாளர்,
அழகாபுரம், சேலம்.