படகை அளக்கும் நாளில் மடியையும் அளந்து பாருங்கள்

இராமநாதபுரம் மாவட்ட மீன்வளத் துறை அதிகாரிகளுக்கும், விசைப்படகுச் சங்கப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி எங்கும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாள்களில் படகு ஆய்வு நடக்கிறது. பதிவெண், நீளம், எஞ்சின் குதிரைத்திறன் எல்லாம் பார்க்கிறீர்கள். அதே நாளில் இழுவை மடியின் (படகு கடலடியில் இழுத்துப் போகும் பை வலை) கடைசிப் பையில் கண்ணி, அதாவது வலைக்கண், எவ்வளவு என்பதையும் அளந்து பதிவு செய்யுங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

வடகடலில் (பாக் விரிகுடா) பெரும்பகுதி 10 மீட்டர் ஆழம்கூட இல்லை. மடி அடிமண்ணைத் தடவித்தான் போகும். குஞ்சுகள் வளர்வதும் அங்கேயுள்ள கடற்புல்லுக்குள்தான். இரண்டு மாதம் விட்டுவைத்த குஞ்சு ஜூன் 15-க்குப் பிறகு முதல் சில பாடுகளிலேயே (வலை இழுப்புகளிலேயே) சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, கரையேறி, மீன்மாவு ஆலைக்குப் போனால் தடைக்காலத்தால் கிடைத்தது என்ன?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இன் கீழ் இழுவை மடிக்கு 40 மி.மீ. கண்ணி என்ற விதி இருக்கிறது. ஆனால் அளவு சரியாக இருந்தாலும் வழக்கமான சாய்சதுரக் கண்ணியில் ஒரு கோளாறு உண்டு. பையில் மீன் சேரச் சேர எடை பின்னால் இழுக்கும்; கண்ணி நீண்டு, ஒடுங்கி, கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். நிறைய மீன் விழுந்த பாட்டில்தான் குஞ்சு தப்ப வழியே இருக்காது. அதே வலைத் துணியை 45 பாகை திருப்பி வெட்டித் தைத்தால் சதுரக் கண்ணி. அதில் இழுவிசை கண்ணியின் பக்க நூல்களின் நேரில் போவதால் கண் திறந்தே இருக்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 40 மி.மீ. என்பது கண்ணியை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே எடுக்கும் அளவு. சதுரத்தின் ஒரு பக்கம் 20 மி.மீ.தான். இது புரியாமல் கரையில் வீண் சண்டை வரும்.

அளக்க ஆப்பு வடிவத் தகடு ஒன்று போதும். வலையை நனைத்த பிறகே அளக்க வேண்டும். ஓரத் தையலை விட்டு உள்ளே தள்ளி, தொடர்ச்சியாக 20 கண்ணிகளில் தகட்டைச் செருகிச் சராசரி எடுங்கள். ஒன்றிரண்டு கண்ணியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முடிச்சு நழுவிய கண்ணி எந்த வலையிலும் இருக்கும். பைக்கு உள்ளே இன்னொரு சிறுகண்ணி வலை தைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். மண்ணில் உரசாமலிருக்க அடியில் கட்டும் காப்பு வலை பை முழுவதையும் சுற்றியிருந்தால் 40 மி.மீ.க்கு அர்த்தமே இல்லை. அது அடிப்புறத்தோடு நிற்க வேண்டும்.

இறங்குதளத்திலும் ஒரு கணக்கு வேண்டும். படகுக்கு ஒரு கூடை சங்காயத்தை எடுத்து, இயல்பிலேயே சிறிய மீன், நல்ல விலை போகும் மீன்களின் குஞ்சு, மற்றவை என்று பிரித்து எடை போடுங்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். காரல் முழு வளர்ச்சியிலும் சிறியதுதான். அதைக் குஞ்சென்று எழுதினால் படகுக்காரர் யாரும் நம்ப மாட்டார். சங்கரா, பாறை, மாவுலா, கணவாய் ஆகியவற்றின் குஞ்சுதான் கவலைக்குரியது. கேரளம் 2015-இல் மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் வகுத்தது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று தொடங்கிய பட்டியல் 2017-இல் 58 வகைகளுக்கு விரிந்தது. நம் கடலுக்கான பட்டியலுக்கு இந்தக் கூடைக் கணக்கே அடிப்படையாகும்.

கண்ணி மாறினால் முதலில் வருமானம் குறையும். சிறு காரல் நழுவும், சங்காயக் காசு போகும். இதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. சதுரக் கண்ணிப் பையை மானியத்தில் கொடுங்கள். வரிவிலக்கு டீசலைப் பை அளந்த பதிவோடு இணையுங்கள். எல்லாப் படகுக்கும் ஒரே நாளில் மாற்றம் வரவேண்டும். பாதிப் படகு மாறி, பாதிப் படகு பழைய பையோடு போனால், மாறியவர்தான் நட்டப்படுவார்.

ஆமை விலக்கி (மடிக்குள் வந்த ஆமையை வெளியேற்றும் கம்பிச் சட்டம்) இல்லை என்பதால் 2019 முதல் நம் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக் கிடக்கிறது. கம்பி இடைவெளி 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இடைவெளி குறையக் குறையக் கடற்புல் அடைக்கும். அடைத்தால் இறால் வெளியேறும். பிறகு ஆமை வெளியேறும் வாயையே படகுக்காரர்கள் தைத்து மூடிவிடுவார்கள். ஆகவே வடகடலில் ஓட்டிப் பார்த்து, கம்பிச் சட்டத்தின் சாய்கோணத்தை முடிவு செய்த பிறகே விலக்கியைக் கொடுங்கள். பாடும் நீளக் கூடாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆமை மூழ்கிச் சாகும் அபாயம் கூடும். அசைவில்லாமல் ஏறும் ஆமையை உடனே கடலில் தள்ளினால் மூழ்கிச் சாகும். குப்புறக் கிடத்தி, பின்புறத்தை அரையடி உயர்த்தி, ஈரச்சாக்குப் போட்டு நிழலில் வைத்தால் சில மணி நேரத்தில் மூச்சுத் திரும்பக்கூடும். மூக்கை மட்டும் மூடக்கூடாது.

நாட்டுப்படகுகளுக்கும் ஒன்று. தங்கூசி வலையில் (மெல்லிய நைலான் இழை வலை) சிக்கும் சினை நண்டைக் கரைக்குக் கொண்டுவந்து பிடுங்கினால் கால் ஒடிந்து செத்துப்போகும். கடலிலேயே அந்தக் கண்ணியை அறுத்து விட்டுவிடலாம். ஒரு நண்டின் சினையில் லட்சக்கணக்கான முட்டை. அறுத்த கண்ணியைக் கரையில் கோர்த்துக்கொள்ள நூல் விலை மானியமாகக் கிடைத்தால் பலரும் செய்வார்கள்.

அடுத்த படகு ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு குழுவின் கையிலும் ஓர் அளவுத் தகடு இருக்கட்டும். பை அளவு எழுத ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வடகடல், தென்கடல் (மன்னார் வளைகுடா) வலைத்தொழில் அறிந்தோர்