காகிதத்தைவிட ஃபிளாப்பிதான் அவசரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தில்லித் தமிழ் அமைப்புகள் தங்கள் பழைய மினிட்ஸ் புத்தகங்களை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் 1950-களின் மினிட்ஸ் புத்தகம் கரையானும் ஈரமும் அண்டாத அலமாரியில் இருந்தால் இன்னும் பல ஆண்டு தாங்கும். 1990-களில் கணினியில் அடித்த ஆண்டு மலரும் உறுப்பினர் பட்டியலும் அப்படித் தாங்காது. முதலில் கைவைக்க வேண்டியது அவற்றில்தான்.

அவை, எல்லாக் கணினிகளிலும் தமிழை ஒரேபோல் காட்டும் பொதுக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் அடித்தவை. அன்று புழங்கிய பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். பலர் கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடுகிறார்கள். கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. எனவே அவை இருக்கும் ஃபிளாப்பி என்ற பழைய கணினித் தட்டு, சிடியிலிருந்து முதலில் அப்படியே நகல் எடுங்கள்; மூலக் கோப்பின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். எழுத்துருக் கோப்பையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் இன்னும் ஓடும் பழைய கணினி கிடைத்தால், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஒன்றும் எடுத்துவிடுங்கள்.

யூனிகோடுக்கு மாற்றியபின் கண்ணால் சரிபார்க்காமல் விடக்கூடாது. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். மாற்றும் மென்பொருள் சரியில்லையென்றால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கௌரி’ என்பது ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று மூன்று எழுத்தாகி ‘கெளரி’ ஆகிவிடும். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் தேடினால் அந்தப் பெயர் அகப்படாது. இடையில் வரும் ஆங்கில முகவரிகளும் பொருளற்ற தமிழாகிவிடும். உறுப்பினர் பட்டியலில் இது பெரிய சேதம்.

ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், நொறுங்கும் தாளை இயந்திரமில்லாமல் அசிட்டோனும் செல்லுலோஸ் அசிடேட் படலமும் கொண்டு கையாலேயே காப்பாற்றும் முறை உருவானது. இன்று ஆவணக் காப்பாளர் அந்தக் கைப்பக்குவத்தோடு எழுத்துருவும், எழுத்துகளைக் கணினி எண்களாகப் பதியும் குறியாக்கமும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. 1993-இன் பொது ஆவணங்கள் சட்டம் அரசு ஆவணங்களுக்குத்தான். சங்கங்களின் ஆவணங்களை அது காக்காது, சங்கங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் வேலையை வெளியில் கொடுப்பவர்கள் ஜேபெக் மட்டும் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்துவிட வேண்டாம். 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி), படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் வண்ண டிஃப் கோப்பு கேளுங்கள். சுருக்காமல் வைத்தால் ஏ4 பக்கம் ஒன்றுக்குச் சுமார் 46 எம்பி ஆகும், அதற்கேற்ற வன்தட்டு வேண்டும். மூன்று நகல், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் மாறிய கோப்பை மற்றொரு நகலிலிருந்து உடனே மீட்டுவிடலாம். எழுதிய சிடியை நம்பி விட்டுவைக்கவே கூடாது. அதன் சாயப்படலம் மங்கினால் எந்த டிரைவும் படிக்காது.

உங்கள் இதழின் யூனிகோடுக்கு முந்தைய பக்கக் கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று, அவற்றை அன்று வடிவமைத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டுகிறேன்.

ஆவணக் காப்பாளர் ஒருவர்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி