ஆடியில் சினை ஊசி, சித்திரையில் கன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாட்டு மாடுகளில் சினை பிடிப்பது குறைந்துவருவதால் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) முகாம்களை அதிகப்படுத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. நல்லதுதான். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கடலாடிப் பக்கம் எங்கள் ஊர்களுக்கு முகாம் வந்து சேருவது ஆனி, ஆடியில். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நேரம் அது. எலும்பும் தோலுமான மாடு காளை தேடும் பருவத்துக்கு எங்கே வரும்? வந்தாலும் கத்தாது, அறையிலிருந்து ஒழுகும் வழும்பும் தெரியாது. ஊமைப் பருவமாகவே போய்விடும். ஊசி போட்டும் தங்கவில்லை என்றால் மலடு என்று பட்டம் கட்டிச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம்.

தப்பித்தவறித் தங்கினாலும், பசுவின் சினைக்காலம் ஒன்பதரை மாதம். ஆடியில் சினையானது சித்திரை, வைகாசியில் ஈனும். புல் பூண்டு இல்லாத வெயிலில் தாய்க்கும் பால் இராது, கன்றும் தேறாது. தையில் சினையானால் ஐப்பசி மழையோடு கன்று விழும். ஐப்பசி, கார்த்திகைப் புல்லை மேய்ந்து, அறுவடைத் தாளும் தின்று மாடு உடம்பு பிடித்திருப்பதும் தை, மாசியில்தான். முகாமை அப்போது நடத்த என்ன தடை?

இன்னும் ஈனாத கிடேரிக்குச் சினை ஊசி போட வயதைவிட எடைதான் கணக்கு. வளர்ந்த பசுவின் எடையில் சுமார் 60 சதவீதமாவது வேண்டும். தையல் டேப் இருந்தால் எடையைத் தெரிந்துகொள்ளலாம். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து வாலடியில் துருத்தும் எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 50, நீளம் 45 என்றால் ஏறக்குறைய 170 கிலோ.

எடை ஏறத் தீவனம் வேண்டும். நாமோ தையில் வைக்கோலை லாரியில் ஏற்றிவிட்டு, வைகாசியில் அதையே தேடி அலைகிறோம். ஊரை வளைத்திருக்கும் சீமைக்கருவேலின் நெற்றைக் காயவைத்து, விதையோடு அரைத்துத் தவிட்டில் கலந்து அளவாகக் கொடுக்கலாம். முழுசாகத் தின்னவிட்டால் விதை சாணியோடு விழுந்து இன்னும் நாலு காட்டில் முளைக்கும். தாது உப்பும் குடற்புழு மருந்தும் தவறக் கூடாது.

கோயில் காளை விட்ட காலம் போய்விட்டது. ஊரில் மிஞ்சிய ஒற்றைக் காளை தனக்குப் பிறந்த கிடேரியோடே சேருகிறது. சிறிய நாட்டுப் பசுவுக்குப் பெரிய சீமை இன ஊசி போட்டால் ஈனும்போது கன்று சிக்கிக்கொள்கிறது. நம் நாட்டு இனமான புலிக்குளம் காளையின் உறைவிந்து கடற்கரை ஊர்களின் கால்நடை மருந்தகங்களிலும் தட்டாமல் கிடைக்க வேண்டும். பருவம் நிற்பதோ 12 முதல் 18 மணி நேரம். காலையில் கத்திய பசுவுக்கு அன்று மாலையே ஊசி போட ஆள் வர வேண்டும். மறுநாள் வா என்றால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

கால்நடை வளர்ப்போர் ஒருவர்,
சாயல்குடி.