வாகரைத் தேனை நம்பி வாங்கிய உங்களுக்கு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கங்களிலிருந்து எங்கள் ஞாயிறு சந்தைக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம்.

சந்தை முடிந்து பத்து நாள் ஆகிறது. கணக்கு நேற்றுத்தான் சரிவந்தது. மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைப் பக்கமிருந்து வந்த ஆறு வேடர் பெண்களின் கையிலும் அவரவர் காசு போய்ச் சேர்ந்துவிட்டது. பன் புல்லில் இழைத்த பன்பாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இனி இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் நன்றி, சனிக்கிழமை இரவு எங்களோடு கண்விழித்தவர்களுக்கு. மட்டக்களப்பு இரவு றெயிலில் வந்து விடியற்காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியபோதே உரப்பைகள் ஈரமாக இருந்தன. தேன் போத்தல்களில் பாதி பொங்கி வழிந்திருந்தது. பிழை எங்களுடையது. "மூடியை நல்லா இறுக்கி ரேப் சுற்றிக் கொண்டு வாருங்கள்" என்று தொலைபேசியில் சொன்னது நான்தான். கூட வந்த ஆச்சி என்னைத் திட்டவில்லை. ஒரு போத்தலைக் கையில் எடுத்து மூடியை மெல்லத் திருகினார். உஸ் என்று காற்று வந்தது. "மூடிய இறுக்கினா தேனுக்கு மூச்சு முட்டும் புள்ள" என்றார்.

ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. பெருந்தேனீ காட்டு மரக்கிளையில் கட்டும் கூட்டுத் தேனில் தண்ணீர்த்தன்மை கூட. அது 20 வீதத்தைத் தாண்டினால் தேன் எளிதில் புளிக்கத் தொடங்கும், வாயு கிளம்பும். கடையில் வாங்கும் தேனைப் போலச் சூடுகாட்டி வடித்தால் பொங்காது, ஆனால் அந்த மணம் போய்விடும். அதனால் அடுப்பை மூட்டவே கூடாது என்று ஆச்சி நின்றுவிட்டார். நான்காம் மாடி அன்ரி தன் குசினியை அப்படியே எங்களிடம் விட்டுவிட்டு, புது வேட்டி ஒன்றைக் கிழித்துத் தந்தார். புறக்கோட்டையில் போத்தல் வியாபாரம் செய்யும் நானா, பூட்டிய கடையைத் திரும்பத் திறந்து புதுப் போத்தல்களைக் கொடுத்து, "காசு சந்தைக்குப் பிறகு பார்ப்போம்" என்றார். இரவு இரண்டு மணி வரை வடித்தோம். வேட்டித் துணியில் மெழுகுத் துண்டுகளும் தேனீயின் சிறகுகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆச்சி அவற்றை எறியவிடாமல் தனியாக எடுத்து வைத்து, மறுநாள் மேசையில் ஒரு சிரட்டையில் காட்சிக்கு வைத்தார். அந்தச் சிரட்டையைப் பார்த்துத்தான் பலர் நின்று கதைத்தார்கள்.

அடுத்த நன்றி, பெயர்ப்பலகை எழுதிய கம்பஸ் தங்கச்சிக்கு. 'கிழக்கு மாகாணக் கைப்பணி' என்று போட்டால் ஆட்கள் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள் என்று எங்கள் குழுவில் சிலர் நினைத்தோம். வந்த பெண்களில் இளையவர் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் 'வேடர்' என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றவர் அவர். "எங்கட பேரைப் போட்டாத்தான் நான் மேசையில இருப்பன்" என்றார். தங்கச்சி பழைய பலகையை அழித்துவிட்டு 'கரையோர வேடர் சந்தை' என்று பெரிதாக எழுதினார். வேடர் என்றால் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானைக் கிராமத்தவர் மட்டும்தான் என்று கொழும்பில் பலர் நினைக்கிறோம். வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர்ப் பக்கங்களில் தமிழ் பேசும் வேடர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 1911இல் மானிடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதியபோதே இவர்களைப் பற்றியும் எழுதினார்கள். எங்கள் மொழியைப் பேசுகிறவர்களை நாங்களே அறியாமல் இருந்தோம் என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடி மக்களுக்கென்று ஐநா 1994இல் ஒதுக்கிய நாள். அதை ஒட்டிய ஞாயிறைச் சந்தைக்கு எடுத்ததும் இதற்காகத்தான்.

விலை பேசாமல் வாங்கியவர்களுக்கு என்ன சொல்வது! எங்கள் சந்தையில் விலையை விற்பவரே வைப்பார், குழு தரகு எடுக்காது. ஒரு பன்பாய்க்கு என்ன வேலை என்று அன்று மேசையில் கேட்டவர்களுக்குத் தெரியும். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பன் அறுக்க வேண்டும், வெயிலில் காய வைக்க வேண்டும், ஒரு பங்குக்குச் சாயம் போட வேண்டும், பிறகு தரையில் குந்தியிருந்து நாள்கணக்கில் இழைக்க வேண்டும். ஊருக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்கு அதைக் கொடுத்தே பழகியவர்கள் இவர்கள். தேனைத் தீக்குச்சியில் தோய்த்து உரசிப் பார்க்கலாமா என்று கேட்ட ஐயாவுக்கும் நன்றி. எரிந்தாலும் எரியாவிட்டாலும் அதை வைத்துக் கலப்படம் பிடிக்க முடியாது என்று பக்கத்தில் நின்ற இரசாயன ஆசிரியை விளக்கியதும், அவர் தீப்பெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு போத்தல் வாங்கினார்.

இவர்களுக்குக் காடு சும்மா கிடைக்கும் காடு இல்லை. மாதுறு ஓயாக் காடு 1983இல் தேசியப் பூங்காவானபோது தம்பானைப் பக்கத்து வேடர் பலர் காட்டை விட்டு ஹேனானிகலைக் குடியேற்றத்துக்குப் போக நேர்ந்தது. வாகரைக்காரர் 2004இல் சுனாமியையும், இரண்டு வருடத்தில் போர் இடப்பெயர்வையும் கண்டார்கள். திரும்பி வந்து மறுபடி தேன் எடுக்கிறார்கள், பாய் இழைக்கிறார்கள்.

அப்புறம், மண்டபத்துக் காவலாளி ஐயா, சிங்களத்தில் கேட்டவர்களுக்குக் காலை முதல் மாலை வரை மொழிபெயர்த்த பக்கத்து வீட்டு அக்கா, கோட்டை நிலையத்தில் வாடகையைக் குறைத்துக்கொண்ட மூன்று ஆட்டோத் தம்பிமார், ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மம்மாமார், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பாலைப்பழம் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. பருவம் முடிகிற நேரம், ஒரு கூடைதான் வந்தது. பால் உதட்டில் ஒட்டும் என்று ஆச்சி ஒவ்வொருவர் விரலிலும் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பூசிக்கொண்டு சாப்பிடச் சொன்னார். ஒரு குட்டிப் பையன் எண்ணெய் உதட்டோடு நான்கு தரம் திரும்பி வந்தான். ஊருக்குப் போன பிறகும் ஆச்சி தொலைபேசியில் முதலில் விசாரித்தது அவனைத்தான். அந்தப் பையனின் அம்மா இதைப் படித்தால், அவனிடம் சொல்லிவிடுங்கள்.

தேன் வாங்கியவர்கள் போத்தல் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். முடிந்த பிறகு வெறும் போத்தலைக் கழுவி, மண்டபத்துக் காவலாளி ஐயாவிடம் கொடுத்தால் போதும். அடுத்த றெயிலில் வாகரைக்கு அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
சந்தைக் குழுவுக்காக,
வெள்ளவத்தையிலிருந்து