சராசரிக்குள் மறைந்த பெண்பறவை

அன்புள்ள மங்கை,

உன் கடிதமும், அதனுடன் நீ அனுப்பிய மாணவியின் ஆய்வேட்டு அத்தியாயமும் வந்து சேர்ந்தன. இங்கே அனைவரும் நலம். மூட்டுவலி என்னை விடவில்லை. நானும் மாடிப்படியை விடவில்லை. கனகாவிடம் நீ வாங்கிய குடை இன்னும் திரும்பி வரவில்லை என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடற்பறவைகளின் வளர்சிதை மாற்றம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் விதம், பற்றி வெளிவந்த தரவுகளை அந்தப் பெண் பொறுமையாகத் திரட்டியிருக்கிறாள். ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரே ஓர் எண்ணைக் கொடுத்து, ஆணையும் பெண்ணையும் அதற்குள் கலந்துவிட்டாள். "இது போதாதா?" என்று நீ கேட்டிருக்கிறாய். போதாது, மங்கை. விடுதி மெஸ்ஸில் உனக்கும் கனகாவுக்கும் ஒரே அளவு சோற்றைப் போட்டுவிட்டு, சராசரியாக இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்று கணக்கு எழுதினார்களே, அதைப் போன்றதுதான் இதுவும்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள மே தீவில் வாழும் ஷாக் என்னும் நீர்க்காகத்தை எடுத்துக்கொள். ஆண், பெண்ணைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கனமானது. ஆண் கரகரவென்று கத்தும், பெண் ஏறக்குறைய ஊமை என்பதால், குரலைக் கேட்டே பாலினம் சொல்லிவிடலாம். (உன்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.) இந்தப் பறவையின் இறகு ஓரளவு நனைந்துவிடும், ஆகவே அது கரையேறி உலர்த்தியே தீர வேண்டும். கண்ணால் பார்த்து மீன் பிடிக்கும் பறவையாதலால், வடகடலின் குளிர்காலத்தில் குறுகிய பகற்பொழுதுக்குள் வேட்டையை முடித்தாக வேண்டும். சிறிய உடலில் எடையோடு ஒப்பிட மேற்பரப்பு அதிகம், வெப்பம் விரைவாக வெளியேறும். சேமித்து வைக்கும் ஆக்சிஜனும் குறைவு, ஆகவே நீண்ட நேரம் மூழ்க முடியாது. காலில் சிறு பதிவுக்கருவிகளைக் கட்டி ஆண்டு முழுவதும் கவனித்து, 2015-இல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது இதுதான்: பெண்பறவைகள் ஆண்பறவைகளைவிட நாளொன்றுக்கு அதிக நேரம் இரை தேடுகின்றன, காற்று வலுக்கும்போது அந்த இடைவெளி இன்னும் விரிகிறது. கருவி பதிந்தது நேரத்தைத்தான், எரிந்த கலோரியை அல்ல என்று நீ உடனே குறுக்கிடுவாய். சரிதான். ஆனால் குளிர்நீரில் நனைந்தபடி கூடுதலாக உழைக்கும் நேரம் இலவசமாக வருவதில்லை.

கலோரியை நேராக அளக்க வேண்டுமானால், ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் என்னும் கனமான அணுக்கள் கொண்ட நீரை ஊசியால் செலுத்தி, பறவை கடலுக்குப் போய்த் திரும்பியதும் மறுபடியும் பிடித்து, அவை எவ்வளவு குறைந்தன என்று பார்க்க இரத்தம் எடுக்க வேண்டும். தவறாமல் திரும்பி வருவது கூட்டில் முட்டையோ குஞ்சோ உள்ள பறவைதான். எனவே இனப்பெருக்கக் காலத்துத் தரவு குவிந்து கிடக்கிறது. பெண் ஷாக் தன் பகலைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குளிர்காலத்தில் எண்கள் அரிது. உன் மாணவியின் அட்டவணையில் மாதம் என்ற பத்தியும் இல்லை என்பதைக் கவனித்தாயா?

பெண் என்றாலே அதிகச் சுமை என்று இதிலிருந்து அவள் முடிவு கட்டிவிடவும் கூடாது. கில்லிமாட் பறவையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுடையவை. தடித்த அலகுடைய கில்லிமாட்டின் பறத்தல் செலவு, ஓய்வுநிலைச் செலவைப்போல் 31 மடங்கு என்று 2013-இல் கணக்கிட்டார்கள். அவ்வளவு குட்டையான சிறகு. குஞ்சு பறக்கத் தெரியாமலேயே பாறை விளிம்பிலிருந்து கடலில் குதிக்க, தந்தைதான் வாரக்கணக்கில் உடன் நீந்தி, மூழ்கி மூழ்கி ஊட்டுகிறது. அந்த வாரங்களில் உழைப்பின் பளு ஆண் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் பாஸ் பாறைத் தீவில் வாழும் கேனட் என்னும் கடற்பறவைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் அங்கே பெண்தான் ஆழமாகப் பாய்கிறது. ஆகவே செலவைத் தீர்மானிப்பது உடலளவு மட்டுமல்ல. எந்த மாதம், எந்தக் கடல், யாருக்கு எந்த வேலை என்பவையும்தான்.

இவ்வளவு பிடிவாதமாக நான் எழுதக் காரணம் வேறு. இந்தியப் பெருங்கடலின் தெற்கே குரோசே தீவுகளில் கூடுகட்டும் வாண்டரிங் அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவை பறக்கும்போதுகூட அதன் இதயத்துடிப்பு ஓய்வுநிலையைவிட அதிகம் உயர்வதில்லை. காற்றுதான் அதைச் சுமக்கிறது. கனமான ஆண், வலுத்த காற்றுள்ள தென்கடல்களை நோக்கிப் போகிறது. இலகுவான பெண், சிறகின் மீதான பாரம் குறைவென்பதால், மிதமான காற்றே போதுமென்று வடக்கே மிதவெப்பக் கடல்களில் இரை தேடுகிறது. சூரை மீனுக்காக விரிக்கப்படும், பறவைகளும் சிக்கி மடியும் நெடுந்தூண்டில்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிட உதவும் அதே உடல், பெண்பறவையைத் தூண்டிலிடம் கொண்டுபோய் விடுகிறது. ஈராண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் இனம் அது; துணையை இழந்த ஆண் மறுபடியும் இணைசேரப் பல ஆண்டுகள்கூட ஆகலாம். 2012-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி வைமெர்ஸ்கிர்ச்சும் குழுவினரும், மேலைக்காற்று வலுத்ததால் இந்தப் பறவைகளின் இரைப்பயணம் சுருங்கி எடை ஏறத்தாழ 1 கிலோ கூடியது என்று காட்டினார்கள். நல்ல செய்திதான், ஆனால் அந்தக் காற்று மேலும் தெற்கே நகர்ந்தால் வடக்கே போகும் பெண்பறவைக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணத் தொடங்கினால் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

ஆகவே அட்டவணையில் மூன்று பத்திகள் போட உன் மாணவியிடம் சொல்: ஆண், பெண், தெரியாது. ஒன்றுபோலிருக்கும் இனங்களில் மரபணுச் சோதனை 1990-களில் பரவுவதற்கு முந்தைய ஆய்வுகள் பல மூன்றாவது பத்தியில்தான் விழும். அதைப் பார்த்து அவள் மனம் தளர வேண்டாம், அதுவும் ஒரு முடிவுதான். மூலத்தாள்களை நீ வரும்போது கொண்டுவந்தால் இருவருமாக உட்கார்ந்து பிரித்துவிடலாம். கனகாவின் குடையையும் எடுத்து வா.

என்றும் அன்புடன்,
செல்வி