படிக்கட்டில் உட்கார்ந்து பாரம் எழுதியவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே முட்டிவலி ஒன்றுதான், மற்றபடி சௌக்கியம்.

சக ஊழியருக்கு உதவுவதையும் மார்க் போட்டு வருடாந்தர மதிப்பீட்டில் சேர்க்கப் போகிறார்களாமே உன் மகன் ஆபீஸில்? அதைப் படித்ததிலிருந்து 2016 நவம்பர்தான் மனசில் ஓடுகிறது.

எட்டாம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். பத்தாம் தேதி நாங்கள் எங்கள் வங்கிக் கிளையைத் திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றலாம், அதற்கும் ஒரு பாரம் எழுத வேண்டும். எங்கள் நகை மதிப்பீட்டாளருக்குச் சம்பளம் கிடையாது, நகைக்கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். அந்த நாட்களில் நகைக்கடன் பக்கம் போக எங்களுக்கு நேரமே இல்லை. அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் தினமும் காலையில் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். உரைகல் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் பாரத்தை வைத்து எழுதிக் கொடுத்தார். ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து நாலாய் மடித்த நோட்டுகளை எடுத்தாள். வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்தது போலிருக்கிறது, எத்தனை என்று கிசுகிசுத்தாள். அவரும் அதே கிசுகிசுப்பில் பெயர் கேட்டார். அதற்கு எப்படியப்பா மார்க் போடுவது?

இன்னோர் இளம் அதிகாரியும் தினம் ராத்திரி பத்து வரை இருந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். பதவி உயர்வு நேர்காணல் முடிந்த மறுநாளிலிருந்து சரியாக ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வரிசையில் வெயிலில் நின்றவருக்கு இரண்டு உதவியும் உதவிதானே.

வேலைப் பட்டியலில் இல்லாத, நேரடிப் பலனும் இல்லாத இப்படிப்பட்ட உதவிகளை அமெரிக்கப் பேராசிரியர் டென்னிஸ் ஆர்கன் 1980களில் தனியே எடுத்து ஆராய்ந்தார். ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1992இல் மனித விழுமியங்களைப் பத்தாகப் பிரித்து ஒரு வட்டத்தில் அடுக்கினார். அதில் பிறர் நலம் நாடுவதும், தான் சாதித்துக் காட்ட நினைப்பதும் எதிரெதிர்ப் பக்கம். அன்று எங்கள் கிளையில் அந்த இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன. மார்க் வந்தால் அதிகாரியைப் போன்றவர்கள் இன்னும் உதவுவார்கள், வரட்டும். மதிப்பீட்டாளரைப் போன்றவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். இத்தனை பாரம் எழுதினேன் என்று கணக்குக் காட்டச் சொன்னால் அவர் கூசிப்போய் எழுந்துவிடுவார்.

ஜனவரியில் மேனேஜர் மதிப்பீட்டாளரிடம் ஒரு கவரை நீட்டினார். அவர் வாங்கவில்லை. “எங்கப்பா தபாலாபீஸ் வாசல்ல மணியார்டர் பாரம் எழுதிக் கொடுப்பார் சார். யார்கிட்டயும் காசு வாங்க மாட்டார்” என்றார். அவ்வளவுதான், தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

மகனைக் கேள், அவன் ஆபீஸில் அப்படி யாராவது இருக்கிறார்களா, இந்தத் திட்டத்தைப் பற்றி அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று. கேட்டு எழுது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்