என் மகனைத் தனியே விடாதவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், மருத்துவப் பணியாளர்களுக்கும், எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் வாழும் உறவுகளுக்கும் வணக்கம்.

கடந்த மழைக்காலத்தில், பதினேழு வயதான என் மகன் தன் உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சிக்கித் தவித்தபோது, அந்த எண்ணத்தோடு அவனைத் தனியே விடாமல் காத்த அனைவருக்கும் நன்றி சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். எழுதியதை முதலில் அவனிடம்தான் காட்டினேன். இரண்டு பத்திகளை அடித்துவிட்டு மற்றவற்றை வெளியிடலாம் என்றான். பெயர்களும் ஊரும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். ஆகவே பந்தலூர் வட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரைக் குறிப்பிடுகிறேன் என்பது உரியவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி அவனுடைய வகுப்புத் தோழனுக்கு. தம்பி, அவன் ஆசையாக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையையும் புதுக் காலணியையும் "இனி எனக்குத் தேவைப்படாது" என்று சொல்லி உன்னிடம் கொடுத்தபோது, நீ மகிழ்ந்து வாங்கிக்கொள்ளாமல் ஏன் என்று கேட்டாய். அவன் தன் மனத்தில் இருந்ததைச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். அன்று மாலையே நீ உடற்கல்வி ஆசிரியரைத் தேடிச் சென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நட்பு முறிந்துவிடுமே என்று அழுதுகொண்டே நீ சொன்னதாக அவர் பின்னர் என்னிடம் கூறினார். இந்த வயதுப் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லாததைத் தோழர்களிடம் சொல்வதுண்டு. அதனால் ஒரு வீட்டின் உயிரே சில வேளைகளில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கையில் வந்து நிற்கிறது. நீ காப்பாற்றாமல் விட்ட அந்தச் சத்தியத்துக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அவன் உன்மேல் சில நாள் கோபமாக இருந்தான். இப்போது இல்லை என்பதை நீயே அறிவாய்.

உடற்கல்வி ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். தாங்கள் அறிவுரை எதுவும் கூறாமல், மைதானத்தின் ஓரத்தில் அவன் அருகில் அமர்ந்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டீர்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று அஞ்சித்தான் நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்றும், பரிவோடு நேரடியாகக் கேட்பது எண்ணத்தைத் தூண்டுவதில்லை, மாறாக உள்ளேயே அடைத்து வைத்ததைச் சொல்ல வழி திறக்கிறது என்றும் மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். தாங்கள் கேட்டதும் அவன் ஆம் என்றான். இருட்டும்வரை உடனிருந்து, தாங்களே வீடுவரை நடந்து வந்து, எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்பினீர்கள்.

அன்று இரவு நான் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தேன். நாடு முழுவதும் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, இரவும் பகலும் இயங்கும் கட்டணமில்லாச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். எங்கள் பகுதியில் மழை பிடித்தால் மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போய்விடும் என்பதால், மகனைத் தாயிடமும் பாட்டியிடமும் விட்டுவிட்டுச் சாலை வளைவில் குடையோடு நின்று பேசினேன். மறுமுனையில் இருந்த சகோதரி, காரணங்களைக் கேட்பதற்கு முன், இப்போது அவனுடன் யார் இருக்கிறார்கள், கைக்கெட்டும் இடத்தில் ஆபத்தான பொருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். தனியே விடாதீர்கள், விடிந்ததும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்றார். சில நாள் கழித்து அவரே அழைத்து விசாரிக்கவும் செய்தார். அம்மா, தங்கள் முகத்தை நான் கண்டதில்லை. அந்த இரவில் என் கால்கள் நிலைகொண்டு நின்றது தங்கள் குரலால்தான்.

எதிர்வீட்டு அண்ணன், கேட்டதும் ஒரு சொல்லும் வினவாமல், எங்கள் வீட்டிலிருந்த தோட்டத்துப் பூச்சிமருந்துகளையும் மாத்திரைகளையும் வாங்கிச் சென்று தம் வீட்டில் பூட்டி வைத்தார். இதைச் சிறிய உதவியாக யாரும் நினைக்க வேண்டாம். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி என் தந்தை எந்த இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தாரோ, அதே இலங்கையில் கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை 1990களிலிருந்து படிப்படியாகத் தடை செய்ததில், தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. உயிரை விடத் தூண்டும் அந்த உச்சவேகம் பெரும்பாலும் நீண்ட நேரம் நிலைப்பதில்லை. அந்த நேரத்தில் ஆபத்து கைக்கெட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். உணர்ச்சி வேகத்தை நிதானிக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பதால், இளையோருக்கு இந்தக் காவல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மறுநாள் அடைமழையில் எங்களைக் கூடலூருக்கு ஜீப்பில் அழைத்துச் சென்று, கூலி வாங்க மறுத்த தம்பிக்கும் நன்றி.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருக்குத் தனியே நன்றி கூற வேண்டும். பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறியதுதான் காரணம் என்று நாங்கள் சொன்னபோது, அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒற்றைக் காரணத்தால் இது நேர்வதில்லை என்று கூறி, மாதக்கணக்கில் அவன் உறக்கம் கெட்டிருந்ததையும், விளையாட்டை விட்டதையும், எதிலும் பற்றில்லாமல் போனதையும் பொறுமையாகக் கேட்டறிந்து, இது மனச்சோர்வு நோய், குணப்படுத்தக்கூடியது என்று அவனிடமே சொன்னார். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேரிடம் இந்தச் சொல்லை ஒருவர் சொல்லியிருப்பார் என்று எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத தலைமையாசிரியர் அம்மா, தேநீர்க் கடையில் பேச்சு எழுந்தபோது அதை அங்கேயே நிறுத்திய பெரியவர், காரணம் கேட்காமல் வழக்கம்போல் அவனைக் கைப்பந்து ஆட அழைத்த இளைஞர்கள், வாரக்கணக்கில் அவன் கட்டிலுக்கு அருகிலேயே பாய் விரித்துப் படுத்த என் தாயார் ஆகியோருக்கும் நன்றி. அவனை நோயாளியாகவும் குற்றவாளியாகவும் பார்க்காமல் நம் பிள்ளையாகவே நீங்கள் நடத்தினீர்கள்.

அவன் துணைத் தேர்வு எழுதினான். அதன் முடிவு இந்த மடலுக்கு உரிய செய்தி அன்று. சிகிச்சை தொடர்கிறது, மாதந்தோறும் கூடலூர் போய் வருகிறோம்.

நியாயவிலைக் கடையிலும் பேருந்து நிழற்குடையிலும் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்ட அனுமதித்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். மழையில் தாள் கிழிந்துவிட்டால், சென்ற வாரம் செய்ததுபோல் அவனே புதிதாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

நன்றியுடன்,
ஒரு தந்தை
பந்தலூர் வட்டம், நீலகிரி